சீமைப் பல்லியின் வெயில்

சீமைக் கருவேலத்தை இந்தக் கரைக்கு யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஆனால் சீமைப் பல்லி எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் தடியில் வந்தது, அந்தத் தடியின் எந்தப் பொந்தில் ஒளிந்து வந்தது என்பதுவரைக்கும் எங்கள் கிட்டங்கித் தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் கப்பலில் வரும் மரத்தை அடுக்கும் கிட்டங்கியில் கிரேன்காரர் அந்தத் தடியை இறக்கியபோது நாங்கள் அத்தனை பேரும் வேலைவெட்டி இல்லாமல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு இருந்த தடி அது. பொந்திலிருந்து முதலில் ஒன்று தலையை நீட்டியது, பிறகு ஏழெட்டு, பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பெண் பார்க்க வந்தவர்களைப் போல எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிட்டங்கியின் நீண்ட மேற்குச் சுவரில் ஏறி, அங்கேயே இருந்துவிட்டன.

ஒல்லி உடம்பு, முதுகில் பாசி நிறத்தில் புள்ளி, உடம்பைப்போல் இரண்டு மடங்கு வால். அரணைக்குத் தம்பி என்றார்கள் சிலர். நம் பல்லி விளக்கு வைத்த பிறகு வரும், ட்யூப் லைட்டுக்கு அடியில் உட்காரும், நாம் ஒரு பேச்சுப் பேசினால் 'உச் உச்' என்று சொல்லி அதற்குச் சாட்சி நிற்கும். சீமைப் பல்லியோ பட்டப்பகலில் வெயில் காயும், வாயே திறக்காது. ஆறு மாதத்தில் தெருவின் எல்லாச் சுவரிலும் அதுதான். நம் பல்லி ஒன்றுகூட மிச்சமில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் சாட்சி சொல்ல ஆளில்லாமல் பெரியவர்கள் தாங்களே நாக்கைச் சொடுக்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். அந்தப் பல்லி தன் வெயிலையும் கூடவே கொண்டுவந்திருந்தது என்பதுதான் எங்கள் ஊருக்கு மட்டும் நடந்தது.

தடி இறங்கிய மறுநாள் காலை தெரு விடிந்தது, மேற்குச் சுவர் விடியவில்லை. பத்து மணி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கையில் சுவர் மட்டும் நடுராத்திரியாக, தொட்டால் கை சில்லிட்டுப்போகும்படி, தன்பாட்டுக்கு இருட்டிக் கிடந்தது. எங்களுக்கு உச்சிப்பொழுது ஆனபோதுதான் அதற்குப் பொழுது புலர்ந்தது. இளமஞ்சளாக ஒரு வெயில் சுவரில் மெல்ல ஏறியது, பல்லிகள் விரிசல்களிலிருந்து வெளியே வந்து அதில் உடம்பைப் பரத்திக்கொண்டன. அந்த வெயிலோடு பல்லி புறப்பட்டு வந்த சீமை ஊரின் நிழல்களும் வந்தன. எங்கள் தெருவில் இல்லாத ஒரு மரம், கூர்மையாக வளர்ந்த ஒரு கோபுரம், அதன் உச்சியில் ஆடும் மணி, சைக்கிளில் போகும் ஒருத்தி, தொப்பிக்காரர் ஒருவர், கூடை சுமந்த ஒரு கிழவி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் ஒருவன், எல்லாரும் நிழலாக, சத்தமில்லாமல், எங்கள் சுவரில் போனார்கள், வந்தார்கள்.

நாங்கள் இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் செல்லத்துரை தன் டீக்கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மரத்தின் நிழலில் போட்டான், ஏனென்றால் இல்லாத மரமாக இருந்தாலும் நிழல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு சீட்டுக்கட்டு அங்கே போயிற்று, பிறகு ஐஸ் வண்டி. எங்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் வெயில் இருந்ததால், கரண்டு போனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள். மின்வாரியத்தைத் திட்டுவதை மறந்தே போனோம். மார்கழியில் ஒரு நாள் சுவர் முழுக்கப் பஞ்சு பஞ்சாக ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. பனிமயத் தாயின் பேரில் ஞானஸ்நானம் வாங்கிய பரம்பரை நாங்கள், பனியை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் நிழலாக.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அந்தச் சுவருக்கு முன்னால் நாம் நின்றால் நம் நிழல் அதில் விழாது. எத்தனை கையை ஆட்டினாலும் விழாது. கிட்டங்கி வாட்ச்மேன் பிச்சையா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"நம்ம பல்லியெல்லாம் எங்க போச்சுங்கிய? கப்பல்ல திரும்பிப் போற காலிப் பெட்டிக்குள்ள ஏறி அந்த ஊருக்குப் போயிட்டு. போவும்போது நம்ம வெயிலக் கூட்டிட்டுத்தானே போயிருக்கும். நீங்க இங்க நின்னா ஒங்க நெழலு அங்க விழுது, அவ்வளவுதான்."

பிச்சையா சாயங்காலமானால் ஒரு மாதிரி ஆகிவிடுகிறவர். குடிகாரன் பேச்சு பொழுது விடிந்தால் போச்சு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

நாங்கள் கேட்டது மதலேனாளின் பேச்சை. மாதா சபைத் தலைவி, நல்ல மனசுக்காரி, யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், கையில் ஜெபமாலையோடு சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒடம்பு இல்ல, வெறும் நெழலு. வாய் அசையுது, சத்தம் இல்ல. தெனமும் அதே வெயில்ல அலையுது, வெளிய வர முடியல. உத்தரிக்கிற தலத்துக்கு இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? அம்புட்டும் நம்மகிட்ட ஜெபம் கேட்டு வந்து நிக்கிற ஆத்துமாக்க. நாம என்னடான்னா அதுகளுக்கு முன்னால ஒக்காந்து டீ குடிக்கோம்."

மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் வெந்து பாவம் தீர்க்கிற இடமல்லவா அது, எங்களுக்குச் சுருக்கென்றது. செல்லத்துரை கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தான்.

பங்குச்சாமி முதலில் தயங்கினார். பிறகு ஒரு விதி வைத்தார். கேட்பாரற்ற ஆத்துமாவுக்கு யார் வேண்டுமானாலும் பூசை கேட்கலாம், ஆனால் சொந்தம் என்று ஒருவர் இருந்தால் அவர்தான் பேர் கொடுக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் பூசை இல்லை. சுவரில் இருந்தவர்களுக்கு எங்கள் ஊரில் யார் சொந்தம்? முதல் திங்கட்கிழமை தொப்பிக்கார ஆத்துமாவுக்காகப் பூசை வைத்தோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுவரில் வெயில் ஏறியது, மரம் வந்தது, கோபுரம் வந்தது, தொப்பிக்காரர் வரவில்லை. புதன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஓர் ஆத்துமா கரையேறிவிட்டது என்று தெருமுனையில் சரவெடி கொளுத்தினோம்.

அடுத்தது கூடைக் கிழவி. அடுத்தது ஏணிக்காரன். ஒவ்வொரு பூசைக்கும் மறுநாளோ அதற்கு மறுநாளோ சுவரில் ஒரு கூட்டம் மெதுவாக நடந்து போகும். ஆறு பேர் தோளில் ஒரு நீளப் பெட்டி இருக்கும். மோட்சத்துக்குத் தூக்கிப்போகிறார்கள் என்றாள் மதலேனாள், நாங்கள் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டோம். இப்படிப் பத்தொன்பது பேரை நாங்கள் கரையேற்றினோம். இப்போது சொல்லும்போது நாக்குக் கூசுகிறது, ஆனால் அந்தப் பத்து மாதமும் எங்கள் தெருவில் சண்டை சச்சரவு கிடையாது, எல்லார் முகத்திலும் ஒரு புண்ணியக் களை இருந்தது.

சலேத்து மட்டும் அந்தப் பூசைகளுக்கு வரவில்லை. இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை, பதினோரு வயதில் நேவிஸ் என்று ஒரு மகள். புருஷன் கஸ்பார், மதலேனாளுக்கு உடன்பிறந்த அண்ணன், கப்பல் வேலைக்குப் போனவன், ஏதோ ஒரு சீமைத் துறையில் கரையிறங்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பவில்லை. தண்ணீரில் விழுந்திருக்கலாம் என்று கம்பெனிக் கடிதம் சொன்னது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஏழு வருஷமும் மதலேனாள் சாவுப் பூசைக்குப் பேர் கொடுக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தாள், சலேத்து முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், பெண்டாட்டி இருக்கையில் தங்கச்சி பேர் கொடுக்க முடியாது. உடம்பைப் பார்க்காமல் கறுப்புச் சேலை கட்டமாட்டேன் என்பது அவள் பிடிவாதம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. சுவரில் புதிதாக ஒரு நிழல் வந்தது. ஓர் ஆண். நடந்து வந்தவன் நின்றான், முதுகைச் சாய்த்து ஒற்றைக் காலை மடக்கிப் பின்னால் ஊன்றிக்கொண்டான். பிறகு, சும்மா நிற்கிறவன் கை சும்மா இருக்காது என்கிற மாதிரி, இடது கையைத் தூக்கினான். அந்தக் கையில் மூன்று விரல்தான் இருந்தது. கட்டைவிரலைக் காதாக நிறுத்தி, மற்ற இரண்டையும் முன்னால் நீட்டி, அவன் ஒரு நாய் செய்தான். கீழ்த்தாடை இல்லாத நாய்.

"அம்மா! அப்பா நாய்!" என்று நேவிஸ் கத்தினாள்.

கப்பல் வடத்தில் சிக்கிக் கஸ்பாரின் கடைசி இரண்டு விரல்கள் போனது தெருவுக்கே தெரியும். லீவில் வந்தால் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு மகளுக்கு அந்தக் கையால் நாய் காட்டுவான், வாயை மூட முடியாமல் அது காதை மட்டும் ஆட்டும். சலேத்து கையிலிருந்த தண்ணீர்க்குடத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாங்கள்தான் பிறகு கண்டுபிடித்துக் கொடுத்தோம்.

மதலேனாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏழு வருசமா அண்ணன் உத்தரிக்கிற தலத்துல கெடந்து வேவுது, மைனி! இனியாவது பேரக் குடுங்க. ஒரே ஒரு பூசை. கரையேறிரும்."

"அவிய வேவல, மதலேன்," என்றாள் சலேத்து, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெயில் காயுதாவ."

"என்ன பேச்சு பேசுதிய?"

"பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போறது ஆரன்னு நெனச்ச? ஆத்துமாவையா? செத்த ஒடம்பைத்தான் பெட்டியில தூக்குவாவ. அந்த ஊர்ல உசுரோட இருந்த ஆளுகளுக்கு நீங்க சாவுப் பூசை வச்சிருக்கிய."

புருஷன் நினைப்பில் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறவளுக்குப் பைத்தியம் என்று பேர் வைப்பது லேசு. நம்பினால் பத்தொன்பது பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்றிலிருந்து சலேத்து கம்பெனி விட்டு வந்ததும் குளித்து, இறால் நாற்றம் போக மஞ்சள் தேய்த்து, தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றாள். பிச்சையா சொன்னதை அவள் ஒருத்திதான் நம்பினாள். தன் நிழல் அந்த ஊர்ச் சுவரில் விழுகிறது, அவன் பார்க்கிறான் என்று நம்பினாள். அது வீண்போகவில்லை. இரண்டாம் நாள் அவள் கையைத் தூக்கினாள், சற்றுப் பொறுத்து அவனும் தூக்கினான். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நாங்களே மனசறிந்து பொறாமைப்பட்டோம். ஏழு வருஷம் காத்திருந்ததற்கு இது போதும் என்று அவள் இறால் கம்பெனித் தோழிகளிடம் சொன்னாளாம். ஆள் உயிரோடு இருக்கிறார், வழி கேட்டு வந்துவிடுவார் என்றாளாம்.

பதின்மூன்றாம் நாள் கஸ்பார் தனியாக வரவில்லை. அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன நிழல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னான். அது எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டியது. பிறகு கஸ்பார் மூன்று விரல் கையைத் தன் நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து, வெகுநேரம் அப்படியே நின்றான்.

சலேத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை, நேவிஸுக்கு எங்கள் வீடுகளிலிருந்துதான் சோறு போயிற்று. மூன்றாம் நாள் காலை வெளியே வந்தவள் நேராகக் கோயிலுக்குப் போனாள்.

"எம் புருசன் பேரு கஸ்பார் கொரேரா, சாமி. எழுதிக்கிடுங்க."

இதை மறைத்துச் சொன்னால் கதையே பொய்யாகிவிடும். அந்தப் பூசை என்ன செய்யும் என்று தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

கோயிலின் பொதுச் சவப்பெட்டியான தூம்பாவை நடுக்கோயிலில் வைத்து, உடம்புக்குப் பதில் அவன் விட்டுப்போன கட்டம்போட்ட சட்டை ஒன்றை உள்ளே வைத்து, ஆறு மெழுகுதிரி ஏற்றிப் பூசை நடந்தது. சலேத்து கறுப்புச் சேலையில் முன்வரிசையில் கல்லாக இருந்தாள். மதலேனாள்தான் அழுதாள், நன்றியில் அழுதாள். இரண்டாம் நாள் மத்தியானம் சுவரில் நீளப் பெட்டி போயிற்று. பெட்டிக்குப் பின்னால், யாரோ ஒருத்தியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன நிழல் நடந்து போயிற்று. நாங்கள் முழந்தாளிட்டோம். சலேத்து முழந்தாளிடவில்லை.

அதற்குப் பிறகு அது தினமும் தனியாக வந்தது. கஸ்பார் சாய்ந்து நின்ற அதே இடத்தில் வந்து நிற்கும். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்க்கும். பிறகு கையைத் தூக்கி நாய் செய்யப் பார்க்கும். அதற்கு ஐந்து விரலும் இருந்தது, அதனால் கடைசி இரண்டு விரலை மற்றக் கையால் மடக்கிப் பிடிக்கும், பிடியை விட்டால் பிஞ்சு விரல் நிமிர்ந்துகொள்ளும், மறுபடி மடக்கும். நாலு வயதில் நேவிஸும் இப்படித்தான் மடக்கிக்கொண்டிருந்தாள். கப்பலிலிருந்து அப்பா வராத அந்த வருஷம் முழுக்க அவள் இரண்டு விரலை நூலால் கட்டிக்கொண்டு சுவரில் நாய் செய்தபடி இருந்தாள். சலேத்துதான் தூங்கும்போது அந்த நூலை அவிழ்த்துவிடுவாள்.

சன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சலேத்துவின் வாயிலிருந்து ஒருநாள் ஒரு சத்தம் வந்தது. பூசையில் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அந்தக் குழந்தை அவளுக்கு என்ன செய்தது? அவள் மகள் அவளுக்கு என்ன செய்தாளோ அதைத்தான் செய்தது, அப்பனைத் தேடியது.

எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் எங்கள் இரக்கம் போகிற வழி ஒன்றுதான். "பச்சப்புள்ள ஆத்துமா, தன்னந்தனியா நின்னு தவிக்கி," என்று மதலேனாள் உருகினாள், நாங்களும் உருகினோம். தெருவே சேர்ந்து பேர் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குச்சாமி அந்த வாரத்துப் பூசைகள் யார் யாருக்காக என்கிற கருத்துகளை வாசித்தார்.

"திங்கட்கிழமை காலை, கிட்டங்கித் தெருச் சுவரில் நிற்கும் குழந்தை ஆத்துமாவின் இளைப்பாற்றிக்காக, தெரு மக்கள்."

"வேண்டாம் சாமி."

பெண்கள் பக்கத்தில் கறுப்புச் சேலை எழுந்து நின்றது.

"ஏம்மா? கேட்பாரில்லாத ஆத்துமாதானே?"

"கேக்க ஆளு இருக்கு. சொந்தம் வேண்டாம்னா பூசை கெடையாதுன்னு நீங்கதான் சொன்னிய. நான் வேண்டாங்கேன்."

"நீ அதுக்கு என்ன சொந்தம்?"

சலேத்து பக்கத்திலிருந்த நேவிஸின் தோளில் கைவைத்தாள். "இவளுக்குத் தங்கச்சி, சாமி. தம்பியாக்கூட இருக்கும். நெழல்ல தெரியல."

கோயிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மதலேனாள் பாதி எழுந்தவள் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு கணக்கு மெதுவாக ஓடியது.

"உசுரோட இருக்கா அது?" என்றாள். "அப்போ... அண்ணன்?"

"ஆமா, மதலேன்," என்றாள் சலேத்து. "உசுரோடதான் இருந்தாவ. நான்தான் குடுத்தேன்."

நாங்கள் அத்தனை பேரும் மடியில் கிடந்த எங்கள் கைகளைப் பார்த்தோம். தொப்பிக்காரர். கூடைக் கிழவி. ஏணிக்காரன். சைக்கிளில் போன அந்தப் பெண். அவள் சைக்கிளுக்கு முன்னால் ஒரு பூக்கூடைகூட இருந்தது. சொன்னது நிஜம் என்று உச்சுக்கொட்ட அன்றைக்கு ஊரில் ஒரு பல்லி இல்லை, இருந்தும் அது நிஜம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பங்குச்சாமி கையிலிருந்த தாளை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் கொடுக்காமலே உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நிழலுக்குப் பூசை கிடையாது. செல்லத்துரை பெஞ்சைப் பழைய இடத்துக்கே இழுத்துப்போட்டுவிட்டான். மதலேனாள் சபைப் பொறுப்பை விட்டுவிட்டாள், சுவர்ப் பக்கம் வருவதில்லை, வரவேண்டி வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறாள். சீமைப் பல்லிகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அவை ரயில்வே ஸ்டேஷன் சுவருக்குப் போய்விட்டன, பஸ் ஏறி அடுத்த ஊருக்கும் போய்விட்டன என்கிறார்கள். உங்கள் ஊர்ச் சுவர் ஒருநாள் காலையில் விடியாமல் கிடந்தால் பயப்படாதீர்கள், பூசையும் வைத்துவிடாதீர்கள்.

இப்போதும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சுவரில் அந்த வெயிலில் சின்ன நிழல் வருகிறது, முன்னைவிட அரைச்சாண் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நேவிஸ் அதற்கு எதிரே நின்று, இடது கையைத் தூக்கி, இரண்டு விரலை மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்துகிறாள். எங்கள் சுவரில் அதற்கு ஒரு நிழலும் விழுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் குட்டி நாய், எங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லாத ஓரிடத்தைப் பார்த்துத் திரும்பி, காதை ஆட்டுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாளாவது அந்தப் பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது, நிழலிலேயே தெரிகிறது.

மகளுக்குத் துணையாகச் சலேத்துவும் வருகிறாள். நெருங்கி வருவதில்லை. அந்தப் பிள்ளையின்மேல் தன் நிழல் விழுந்துவிடக் கூடாதென்று, கிட்டங்கிச் சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால், வெறும் நம் வெயிலில், தள்ளியே நிற்கிறாள்.